ஸ்பேர் கிடைக்காத வண்டி

நான் கார் வாங்கியபோது அதைத் தயாரித்த கம்பெனி இந்தியாவை விட்டே கிளம்பிப் போயிருந்தது. தெரிந்தேதான் வாங்கினேன். விலை அப்படி. பழைய வண்டி என்றாலும் நல்ல நிலையில் இருந்த சின்னக் கார், பெட்ரோல் எஞ்சின், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கைக்கு எட்டுகிற இடத்தில் வந்து நின்றது. கம்பெனி போனால் என்ன, எஞ்சின் இங்கேதானே இருக்கிறது என்று நினைத்தேன். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். பெட்ரோலும் காற்றும் பொறியும் கிடைத்தால் எஞ்சின் ஓடும், தன்னைச் செய்தவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று அது விசாரிக்காது என்பது என் கட்சி.

மதுரைக்காரர்களின் கட்சி வேறு. வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் எங்கள் தெருவில் வண்டியை முதன்முதலாகக் கொண்டுவந்து நிறுத்திய அன்று, எதிர்வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். "நல்ல வண்டிதான், பாவம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். பாவம் வண்டியா நானா என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து என்னைப் பார்க்கிற எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "ஸ்பேர் கிடைக்குமா?" அதற்கு முன்பெல்லாம் சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார். ரேஷன் கடை வரிசையில் பின்னால் நின்றவர் கேட்டார். பல் பிடுங்கப் போன இடத்தில், டாக்டர் என் வாய்க்குள் இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு கேட்டார். பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்ததால் அன்று மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

உண்மையில் ஸ்பேர் கிடைக்கும். செத்த வண்டிகளிடமிருந்து கிடைக்கும். எங்காவது ஒரு வண்டி மரத்தில் மோதினால் அதன் கண்ணாடி ஒருவருக்கு, கதவு ஒருவருக்கு, ரேடியேட்டர் இன்னொருவருக்கு என்று பிரிந்து போகும். என் வண்டி வெள்ளி நிறம், இடது பக்கக் கண்ணாடி மட்டும் சிவப்பு. பானட்டைத் தூக்கி நிறுத்துகிற கம்பி உடைந்தபோது, அந்தக் கம்பியை மட்டும் எந்த இரும்புக் கடையிலும் பிடிக்க முடியவில்லை. வீட்டில் தேய்ந்து போன துடைப்பத்தின் கட்டையை எடுத்து முட்டுக் கொடுத்தேன். இன்றுவரை துடைப்பக் கட்டைதான்.

இந்த வண்டி வைத்திருக்கிறவர்களுக்குள் ஒரு பாசம் உண்டு. சொத்துத் தகராறு இல்லாத பங்காளிகளுக்குள்கூட அப்படியொரு பாசம் இருக்காது. ஒருமுறை கோரிப்பாளையம் சிக்னலில் என் வண்டி மாதிரியே ஒரு வண்டி பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி வாய் நிறையச் சிரித்தார்.

"அண்ணே, வண்டிய எப்ப ஒடைக்கப் போறீங்க?"

"இப்போதைக்கு இல்லண்ணே."

"ஒடைக்கிறப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க. பின்னாடி லைட்டு நமக்கு."

"சரிண்ணே. ஒங்க வண்டியில கதவுக் கைப்பிடி எனக்கு."

பச்சை விழுந்தது. ஒருவர் வண்டியை ஒருவர் கண்ணால் அளந்துகொண்டே பிரிந்தோம். நல்ல மனிதர்.

கோரிப்பாளையத்தில்தான் எங்கள் மெக்கானிக் பாயும் இருக்கிறார். அவரைப் பொறுத்தவரை என் வண்டி ஒரு வண்டியே அல்ல, ஒரு துரோகக் கதை. வண்டியைக் கொண்டுபோய் விட்டவுடன், கம்பெனிக்காரன் நம்மை நடுத்தெருவில் விட்டுப் போனதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்வார். அது முடியாமல் பானட்டைத் திறக்க மாட்டார். திறந்தாலும், பிரேக்கில் சத்தம் என்று சொல்லியிருப்பேன், அவர் முதலில் பிளக்கைக் கழற்றி அதை முறைத்துப் பார்ப்பார். பிறகு, "பம்பு வீக்கா இருக்கு சார்" என்பார். எந்தப் பம்பு என்று சொல்ல மாட்டார். இத்தனைக்கும் வண்டி அவர் கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாய் குறை சொல்லச் சொல்ல எஞ்சின் ரோஷத்தில் ஓடுகிறதோ என்று எனக்கே சில நாள் தோன்றும்.

என் வீட்டாரின் கட்சி மூன்றாவது. வண்டிக்குக் கண்பட்டிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. செய்தவனே வேண்டாம் என்று விட்டுப் போன வண்டியைப் பார்த்து யார் வயிறெரியப் போகிறார்கள் என்று கேட்டேன். "வாங்குன அன்னைக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைக்க விட்டீங்களா?" என்றாள் மனைவி. விடவில்லைதான். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் இல்லை, பூசணிக்காய் உடைக்கவில்லை, முன்னால் மிளகாய் தொங்கவில்லை, பம்பரில் கறுப்புக் கயிறு இல்லை. எங்கள் தெருவில் கயிறு கட்டாத ஒரே வண்டி என்னுடையதுதான். வகுப்பில் உராய்வைப் பற்றி நடத்திவிட்டு வந்து வாசலில் எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்ற எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் அதற்குப் பிறகு வைப்பர் பிளேடு தேய்ந்தாலும் காரணம் நான்தான் என்று ஆனது.

இந்த நிலையில்தான் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வந்தது.

எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். திருமங்கலத்தைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கரிசல்காட்டு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் கொண்டுவந்த தோட்டைத்தான் போடுவார்கள். மாமன் மடியில்லாமல் குத்தினால் யாரும் பிடித்து ஜெயிலில் போட்டுவிட மாட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும், அதன் அம்மாவுக்குப் பிறந்த வீட்டு ஆள் வரவில்லை என்று ஊர் சொல்லிக்கொண்டே இருக்கும். குலசாமி கோயிலில் காலையில் நல்ல நேரம் குறித்திருந்தார்கள். அது முடிந்தால் எமகண்டம். எமகண்டத்தில் ஆசாரி ஊசியைத் தொட மாட்டார்.

தங்கச்சியின் புகுந்த வீட்டில் என் காரின் புகழ் ஏற்கெனவே பரவியிருந்தது. "ஒங்க அண்ணன் கார்ல வருவாரா, இல்ல காரத் தள்ளிக்கிட்டு வருவாரா?" என்று அவள் மாமியார் கேட்டாராம். இது போதாதென்று எங்கள் சித்தப்பா மகன் வேறு. திருமங்கலத்தில் சிமெண்ட் வியாபாரம். எங்கள் வீட்டு முன்னறை அளவுக்குப் புதிதாக ஒரு வெள்ளைக் கார் வாங்கியிருந்தான். என்னைவிட இளையவன், தங்கச்சிக்கு மூத்தவன். முறைப்படி அவனும் அவளுக்கு அண்ணன்தான். எனவே அவனும் தாய்மாமன்தான்.

"அண்ணே, நீங்க பதறாம நிதானமா வாங்க. நேரமாச்சுன்னா நான் இருக்கேன்ல" என்று போன் செய்தான்.

அதோடு நிற்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஜோடித் தோடும் வாங்கி வைத்துவிட்டான் என்று தங்கச்சி சொன்னாள். என் வண்டிக்கு ஊர் உலகத்தில் ஸ்பேர் கிடையாது. எனக்கு மட்டும் கேட்காமலே ஒரு ஸ்டெப்னி தயாராக இருந்தது. எரிச்சல் என்றால் அப்படியொரு எரிச்சல். அந்தப் பிள்ளையை வேறு ஒருவன் மடியில் வைத்துப் பார்க்கிற சக்தி எனக்கு இல்லை, அதுதான் உண்மை.

காதுகுத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் தங்கச்சி துணி எடுக்கப் பிள்ளையோடும் மாப்ளையோடும் மதுரைக்கு வந்தாள். கடைவீதியிலிருந்து அவர்களை நான்தான் காரில் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சாப்பிட்டு முடித்ததும் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணே, சொன்னா கோவிச்சுக்கிராத. அன்னைக்கு மட்டும் பஸ்ல வந்துரு."

"கார்லதான் வாரேன் தாயி. பாய்கிட்ட எல்லாம் பாத்தாச்சு."

"நேரத்துக்கு வந்துருவேல்ல?"

"வந்துருவேன்."

அவள் எழுந்தாள். பிறகு, பாப்பாவின் செருப்பு வண்டிக்குள் கிடக்கிறது, சாவி கொடு என்றாள். மாப்ளையும் கூடப் போனார். ஒரு ஜோடிச் செருப்பை எடுக்க இரண்டு பேர் இவ்வளவு நேரமா என்று நினைத்தேன். மாடியேறி வந்ததும் மாப்ள கை கழுவ சோப்புக் கேட்டார். கையெல்லாம் கரி. அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. டிராக்டர் வைத்திருக்கிறவர் கையில் கரி இருப்பது ஒரு அதிசயமா?

அதற்குப் பிறகு நானும் பானட்டைத் திறந்து பார்க்கவில்லை. பாய் பார்த்து மூடிய பானட்டை நான் திறப்பதில்லை. திறந்தால் ஏதாவது கண்ணில் பட்டுத் தொலைக்கும்.

அன்று காலை வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது. சீர்த் தட்டுகளைப் பின் சீட்டில் அடுக்கி, பட்டுப்பாவாடையும் தோடும் இருந்த தட்டை மட்டும் மனைவி மடியில் வைத்துக்கொண்டாள். ஏசி குளுகுளுவென்று வந்தது. திருமங்கலத்தைத் தாண்டி நாலுவழிச் சாலையை விட்டு ஊர்ச் சாலையில் திரும்பும்வரை எஞ்சின் முணுமுணுக்கக்கூட இல்லை. "பாத்தியா?" என்றேன். இது எங்கள் வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை. வண்டியைப் பற்றி நான் பாத்தியா என்று சொன்னால் அடுத்து ஏதோ ஒன்று நடக்கும்.

நடந்தது. முதலில் ஏசி வழியாக ஒரு வாசனை வந்தது.

"யாரோ ஊறுகாய் தாளிக்கிறாக" என்றாள் மனைவி.

சுற்றிலும் பருத்திக்காடு. ஊறுகாய் தாளிக்க ஒரு குடிசைகூட இல்லை. அடுத்து மிளகாய்க் கமறல் வந்தது. இரண்டு பேரும் இருமினோம். பானட்டுக்குள்ளிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம், பிறகு பட்டென்று ஒன்று அறுந்த சத்தம். ஸ்டியரிங் ஆட்டுக்கல்லாகக் கனத்துப் போயிற்று. பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன்.

மனைவி துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொள்ள, நான் குனிந்து பார்த்தேன். மின்சாரம் எடுக்கிற ஆல்டர்னேட்டரையும் ஸ்டியரிங்கை இலகுவாக்குகிற பம்பையும் எஞ்சினோடு சேர்த்துச் சுற்றுகிற பெல்ட் அறுந்து கிடந்தது. அதன் சக்கரத்தில் கறுப்புக் கயிறு ஒன்று நழுவி விழுந்து இறுக்கமாகச் சுற்றியிருந்தது. கயிற்றில் நசுங்கிய எலுமிச்சம்பழம், வெந்துபோன பச்சை மிளகாய்கள், ஒரு கரித்துண்டு. திருஷ்டிக் கயிறு. என் வண்டியில். அதுவும் எஞ்சினுக்குப் பக்கத்தில்.

"ஒங்க அம்மா வேலையா இது?" என்றேன். எனக்கு வந்த கோபத்தில் அதைத்தான் முதலில் கேட்கத் தோன்றியது.

"எங்கம்மா கட்டுனா வாசல்ல கட்டுவாக, இல்ல பம்பர்ல கட்டுவாக. எஞ்சினுக்குள்ள கட்ட எங்க வீட்ல யாருகிட்டயும் டிராக்டர் கெடையாது."

சொல்லிவிட்டு அவளே நிறுத்திவிட்டாள். டிராக்டருக்குக் கயிற்றை எஞ்சின் பக்கத்தில்தான் கட்டுவார்கள். பக்கமெல்லாம் திறந்த எஞ்சின், கட்ட எத்தனையோ இடம் உண்டு. செருப்பு, சாவி, மாப்ள கையில் கரி எல்லாம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோளாறு எஞ்சினில் என்றால் கயிறும் எஞ்சினில்தானே கட்ட வேண்டும்? அதில் எந்தத் தர்க்கப் பிழையும் இல்லை. என் வகுப்பில் இப்படி யோசிக்கிற பிள்ளைக்கு நான் மார்க் போட்டிருப்பேன்.

கத்தரிக்கோல் இல்லை. கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, விரலால் நோண்டி எடுத்தேன். கடைசியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கையோடு வந்தது. உள்ளே ஒரு காசு. அது திருஷ்டிக்கு இல்லை. ஒரு காரியம் நல்லபடியாக முடிந்தால் உண்டியலில் கொண்டுவந்து போடுகிறேன் என்று சாமிக்கு நேர்ந்து முடிகிற காசு. என்ன காரியம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் வண்டியைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். பயந்ததை என்னிடம் சொல்லவும் பயந்திருக்கிறாள். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மிளகாய்க் கமறல் என்று மனைவியிடம் சொன்னேன்.

காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாய்க்குப் போன் செய்தேன். பெல்ட் அறுந்துவிட்டது என்றேன்.

"கம்பெனிக்காரன் நம்மள நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டான் சார்" என்று ஆரம்பித்தார்.

"நடுத்தெருவுலதான் பாய் நிக்கிறேன். வண்டியை ஓட்டலாமா, கூடாதா?"

"பம்பா இருக்கும் சார். ஆண்டவன் மேல பாரத்தப் போட்டு லாரிய வரச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டேன். அந்தச் சாலையில் லாரி வருவதற்குள் எமகண்டம் வந்துவிடும். பஸ் போய்விட்டது. சித்தப்பா மகனைக் கூப்பிட்டால் நிமிஷத்தில் வெள்ளைக் காரோடு வந்து நிற்பான், அது எனக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். இரண்டு பேரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஞ்சினுக்குத் தண்ணீர் சுற்றுகிற பம்பு வேறு பெல்ட்டில் ஓடுகிறது, அதனால் சூடாகாது. இனிமேல் புதிதாக மின்சாரம் பிறக்காது. பேட்டரியில் இருப்பதை வைத்துக்கொண்டு, அது தீர்வதற்குள் போய்ச் சேர்ந்தால் உண்டு. ஏசி கூடாது. விசிறி கூடாது. வழியில் எஞ்சினை அணைக்கவே கூடாது.

"ஹாரனும் அடிக்கப் போறதில்ல" என்றேன்.

"ஹாரன் இல்லாம இந்த ரோட்டுலயா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் ஹாரன் இல்லாத வண்டியை யாரும் வண்டியாக மதிப்பதில்லை.

சாவியைத் திருப்பினேன். கிளம்பியது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பட்டுச்சேலையும் வேர்வையுமாக அவளும், அந்த ஆட்டுக்கல் ஸ்டியரிங்கைக் கட்டிப் புரண்டுகொண்டு நானும் போனோம். முதல் வளைவில் ஒரு செம்மறியாட்டு மந்தை. மனைவி தலையை வெளியே நீட்டி, "ஏய், வழி விடுங்க, தாய்மாமன் வண்டி வருது" என்று ஒரு சத்தம் போட்டாள். மேய்க்கிறவர் திரும்புவதற்குள் ஆடுகள் ஒதுங்கிவிட்டன. இத்தனை வருஷமாக அந்தக் குரலை நான் ஒருவனே கேட்டுக்கொண்டிருந்தது எவ்வளவு வீண் என்று அப்போதுதான் தெரிந்தது. ஊர் போய்ச் சேரும்வரை அவள்தான் ஹாரன். டிராக்டர், சைக்கிள், சாலையில் சோளம் காயப்போட்டிருந்தவர்கள், எல்லோரும் ஒதுங்கினார்கள்.

கோயில் வளவில் நிழலுள்ள ஒரே புளியமரத்தின் அடியில் வெள்ளைக் கார் நின்றது. மேளம் அடித்துக்கொண்டிருந்தது. பந்தலில் விரித்த ஜமுக்காளத்தில் சித்தப்பா மகன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு புதுத் துண்டைக்கூட விரித்து வைத்திருந்தான். பிள்ளை மட்டும் மடியில் இல்லை. தங்கச்சி அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பந்தலுக்கு வெளியே வெயிலில், சாலையைப் பார்த்து நின்றாள். மாமியார் பின்னால் நின்று, "நேரம் போகுது, கொண்டா" என்று கை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் திரும்பவே இல்லை. என் வண்டியைப் பார்த்ததும் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டு அழுதுவிட்டாள்.

சித்தப்பா மகன் எழுந்து ஓடிவந்தான். அவனைக் குறை சொல்லக் கூடாது, மரியாதை தெரிந்தவன்.

"வாங்கண்ணே, வாங்க மதினி. ஆரத்தி எடுக்கயில வண்டி உறுமக் கூடாது" என்று சொல்லி, ஜன்னல் வழியாகக் கையை விட்டு எஞ்சினை அணைத்தான்.

பேட்டரியில் மிச்சமிருந்த உயிர் அத்தோடு போயிற்று. போகட்டும் என்று இறங்கினேன்.

ஜமுக்காளத்தில் நான் உட்கார, அந்தப் புதுத் துண்டை அவனே என் மடியில் விரித்தான். தங்கச்சி பிள்ளையைக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். மொட்டைத் தலையில் சந்தனம். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை என் மீசையைப் பிடித்துக்கொண்டது. ஒரு காது முடிந்து அடுத்த காதும் முடிகிற வரைக்கும் விடவில்லை. வலி அதற்கா எனக்கா என்று தெரியாதபடி இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

முடிந்ததும் தங்கச்சி என் காதருகில் குனிந்தாள்.

"சாவி குடுண்ணே. வண்டில ஒண்ணு எடுக்கணும்."

எனக்குப் புரிவதற்குள் மாப்ளையைக் கூட்டிக்கொண்டு போய் பானட்டைத் திறந்துவிட்டாள். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, கயித்தக் காணோம். சாமிக்கு முடிஞ்ச காசு. யாரோ அவுத்துட்டாக."

மாமியார் நின்றார், சித்தப்பா மகன் நின்றான், மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த இயற்பியல் முழுவதும் நாக்கு நுனியில் வந்து நின்றது. கயிறு, சக்கரம், வெப்பம், உராய்வு எல்லாவற்றையும் விளக்கியிருக்கலாம். எந்தக் கயிற்றைக் கட்டி என்னை வரவழைக்கப் பார்த்தாளோ அதுதான் என்னை வரவிடாமல் செய்யப் பார்த்தது என்று அவளுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கலாம். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டைப் பையிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"நான்தான் தாயி எடுத்தேன். காணிக்கைய மறந்துரக் கூடாதுன்னு ஊர் எல்லைக்கு வந்ததுமே எடுத்து வச்சுக்கிட்டேன்."

"நீயா?" என்றாள். "நீயாண்ணே எடுத்து வச்ச?"

அவள் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய பொய்யை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை, அவ்வளவு சுலபமாகவும் சொன்னதில்லை. அவள் முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டியலை நோக்கி ஓடினாள். மனைவி முந்தானையால் என் சட்டையில் இருந்த எலுமிச்சைச் சாற்றுக் கறையைத் துடைத்துவிட்டாள்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது வண்டி அசையவில்லை. மாப்ள டிராக்டரில் கட்டித் திருமங்கலம் வரைக்கும் இழுத்துவிடுகிறேன் என்றார். மாமியார் இந்தக் காட்சிக்காகவே நாற்காலியை வாசலுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டார். தங்கச்சிக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை.

"கயித்த அவுத்துட்டா பெறகு எப்படிண்ணே ஓடும்? வாரப்ப ஓடுச்சுல்ல?"

கையோடு புதுக் கயிறும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்திருந்தாள். பானட்டைத் திறக்கச் சொன்னாள். துடைப்பக் கட்டையை வழியில் எங்கேயோ தவறவிட்டிருந்தோம். நானே இரண்டு கையாலும் பானட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் குனிந்து, பழைய இடத்துக்கே கையைக் கொண்டுபோனாள்.

"அங்க வேணாம் தாயி" என்றேன். "இங்க கட்டு. பேட்டரியப் பிடிச்சிருக்கு பாரு ஒரு கம்பி, அதுல. எஞ்சினோட உயிரு இங்கதான் இருக்கு."

அந்த நேரத்தில் அந்தப் பேட்டரியில் உயிர் என்று ஒரு பொட்டும் கிடையாது. சுற்றுகிற சாமான் எதுவும் அதற்குப் பக்கத்தில் இல்லை என்பதுதான் முக்கியம்.

"இங்கதானா? அன்னைக்குத் தெரியாம கீழ கட்டிட்டோமேண்ணே."

"அங்கயும் நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு."

அவள் கட்டினாள். கட்டி முடித்துக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். எனக்குக் கை வலித்தது. பானட்டை இறக்காமல் அவள் கண் திறக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால், "மதினி, அது எந்தக் கடைக் கயிறு?" என்று சித்தப்பா மகன் என் மனைவியிடம் விசாரித்துக்கொண்டிருந்தான்.

மறுவாரம் வேறு ஒரு கம்பெனி வண்டியின் பெல்ட்டைப் பாய் அளவு பார்த்து மாட்டினார். முதலில் பிளக்கைக் கழற்றி முறைத்துப் பார்த்தார், அது வேறு விஷயம். புதுப் பேட்டரி வைக்கும்போது கயிறு கையில் தட்டியது.

"என்ன சார் இது, நீங்களுமா? எலுமிச்சம்பழம் காஞ்சு சருகாப் போச்சு. அறுத்துப் போட்டுறவா?"

"அறுக்காதீங்க பாய். அவுத்து, வேலை முடிஞ்சதும் அதே எடத்துல கட்டிருங்க."

"எதுக்கு சார்?"

"அதுக்கு ஸ்பேர் கிடைக்காது."